சாவி யார் கையில்? எஸ்எஸ்ஹெச் பழக்கங்களும் அவற்றின் காரணங்களும்

வேறொருவர் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்த சர்வர் ஒன்று என் பொறுப்புக்கு வந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போனதும் நான் முதலில் திறந்தது, அனுமதி பெற்ற சாவிகளின் பட்டியலான ‘ஆதரைஸ்டு கீஸ்’ கோப்பை. மொத்தம் 19 வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு பொதுச்சாவி. அதற்கு இணையான தனிச்சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் எந்த நேரத்திலும் உள்ளே வரலாம். வரியின் கடைசியில், சாவியை உருவாக்கியபோது ஒட்டிக்கொண்ட ஒரு சிறு குறிப்பு இருக்கும். சிலவற்றில் ஆள் பெயர் இருந்தது. ஒன்றில் ‘டெஸ்ட்’, இன்னொன்றில் ‘பழைய லேப்டாப்’, இரண்டில் குறிப்பே இல்லை. குழுவில் அப்போது இருந்தவர்களோ நான்கு பேர்தான். மற்ற 15 சாவிகள் யாருடையவை என்று கேட்டால், ஏழெட்டுக்கு மட்டும் பதில் வந்தது. அதுவும் “அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சே” என்கிற மாதிரியான பதில்.

அந்த சர்வரில் பாஸ்வேர்டு லாகின் நிறுத்தப்பட்டிருந்தது. ஃபயர்வால் இருந்தது. அப்டேட்டுகள் தவறாமல் போடப்பட்டிருந்தன. சாவிகளும் நல்ல வகைச் சாவிகளே. பட்டியல் போட்டுப் பார்த்தால் எல்லாமே சரி. ஆனால் யார் உள்ளே வர முடியும் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது எந்த அல்காரிதம், எத்தனை பிட் என்று நாம் நிறையப் பேசுகிறோம். சாவி எங்கே பிறந்தது, எங்கெல்லாம் நகல் போனது, எப்போது சாக வேண்டும் என்ற கணக்கைப் பற்றி அதில் கால்வாசிகூடப் பேசுவதில்லை. நிஜத்தில் நடந்த பெரிய சேதங்களில் பல இந்தக் கணக்குப் பிசகியதால் வந்தவை. அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, எந்தப் பழக்கம் எதற்காக என்று பார்க்கலாம்.

எஸ்எஸ்ஹெச் பிறந்த கதையே ஒரு திருட்டிலிருந்து தொடங்குகிறது. 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ உட்கார்ந்து, கடந்துபோகும் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுச் சேகரித்தார்கள். அது அப்போது கடினமான வேலையே இல்லை. வேறு கணினிகளோடு இணைய அன்று பயன்பட்ட டெல்நெட், ஆர்லாகின், எஃப்டிபி எல்லாமே பாஸ்வேர்டை அப்படியே வெறும் எழுத்தாக அனுப்பின. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் அதற்கு மாற்றாக எஸ்எஸ்ஹெச்சை எழுதி, அதே ஆண்டு ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று போர்ட் எண்கள், அதாவது ஒவ்வொரு சேவைக்கும் உரிய கதவு எண்கள், இருந்தன. நடுவில் 22 காலியாக இருந்ததால் அதைக் கேட்டு வாங்கினார். நாம் இன்றும் தட்டிக்கொண்டிருப்பது அந்தக் கதவைத்தான். பிற்பாடு அந்த மென்பொருளின் உரிம விதிகள் இறுகியபோது, ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் பழைய சுதந்திரப் பதிப்பை எடுத்து வளர்த்து 1999இல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சாக வெளியிட்டார்கள். இன்று பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் ஓடுவது அதுதான்.

எஸ்எஸ்ஹெச் தீர்த்த பிரச்சினை, கம்பியில் நடக்கும் ஒட்டுக்கேட்பு. இரண்டு முனைகளிலும் என்ன நடக்கிறது என்பது அதன் கையில் இல்லை.

சாவி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணைப்பு தொடங்கியதும் சர்வரும் கிளையன்ட்டும் (உங்கள் கணினியில் ஓடும் எஸ்எஸ்ஹெச்) ஒரு பொது ரகசியத்தைத் தங்களுக்குள் உருவாக்கிக்கொள்கின்றன. அதிலிருந்து அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமே உரிய அடையாள எண் கிடைக்கிறது. கிளையன்ட் அந்த எண்ணையும் பயனர் பெயரையும் சேர்த்துத் தனிச்சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. சர்வர் தன்னிடமுள்ள பொதுச்சாவியால் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. தனிச்சாவி எந்தக் கட்டத்திலும் கணினியை விட்டு வெளியே போவதில்லை. ஒரு கையொப்பத்தைத் திருடி வேறொரு இணைப்பில் காட்டினாலும் செல்லாது, ஏனென்றால் அந்த இணைப்பின் எண் வேறு. பாஸ்வேர்டைவிடச் சாவி உயர்ந்தது என்று சொல்வதன் காரணம் இதுதான். பாஸ்வேர்டு எதிர்முனைக்குப் போய்ச் சேர்கிறது. எதிர்முனை போலி சர்வராக இருந்தால், போனது போனதுதான்.

இன்று புதிதாகச் சாவி உருவாக்குகிறவர்கள் ஈடி25519 வகையையே எடுத்துக்கொள்ளலாம். 2014இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் அது இருக்கிறது. 2023இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து, வகை சொல்லாமல் சாவி கேட்டாலே அதுதான் கிடைக்கும். பொதுச்சாவி 68 எழுத்துகளுக்குள் முடிந்துவிடுவதால் ஒட்டும்போது வரி உடைந்து தொல்லை கொடுப்பதில்லை. வகையைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

சாவி பிறந்த இடம்

வகை நன்றாக இருந்தும் சாவி செல்லாக் காசாகலாம் என்பதற்கு டெபியனில் நடந்ததைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. 2006 செப்டம்பரில் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம், சாவி உருவாக்கத்துக்குப் பயன்படும் மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் தன் தொகுப்பில் ஒரு சிறு மாற்றம் செய்தது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவி, நிரலில் தொடக்க மதிப்பு இல்லாத நினைவகம் படிக்கப்படுவதாக எச்சரித்துக்கொண்டே இருந்தது. அந்த எச்சரிக்கையை நிறுத்த இரண்டு வரிகள் கமெண்ட் ஆக்கப்பட்டன, அதாவது ஓடாதபடி செய்யப்பட்டன. எச்சரிக்கை நின்றது. கூடவே, சீரற்ற எண் உற்பத்திக்குத் தீனி போடும் வழியும் அடைபட்டது. மிஞ்சியது ஒரே ஒரு மாறும் மதிப்பு: அந்த நேரத்தில் ஓடும் புரோகிராமின் பிராசஸ் எண். லினக்ஸில் அதன் வழக்கமான உச்சவரம்பு அப்போது 32,768.

விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வகை, நீளம், கணினிக் கட்டமைப்புக்கு உலகம் முழுக்க உருவான சாவிகள் எல்லாமே அந்த முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்குள் அடக்கம். அத்தனையையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். சில மணி நேர வேலை. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்து வெளியே வரும் வரை, ஏறத்தாழ 20 மாதங்கள் அப்படியே ஓடியது.

திருத்தம் உடனே வந்துவிட்டது. சிக்கல் அதோடு தீரவில்லை. டெபியனில் உருவான சாவியின் பொதுப்பாதி டெபியனே இல்லாத எத்தனையோ சர்வர்களில் ஒட்டப்பட்டிருந்தது. அந்த சர்வர்களின் மென்பொருளில் எந்தக் குறையும் கிடையாது. ஆனாலும் கதவு திறந்தே கிடந்தது. டிஎஸ்ஏ என்ற வகைச் சாவி வைத்திருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். அந்த வகையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிய சீரற்ற எண் தேவை. ஆகவே நல்ல இடத்தில் பிறந்த டிஎஸ்ஏ சாவியைப் பாதிக்கப்பட்ட டெபியன் கணினியில் ஒரு முறை பயன்படுத்தியிருந்தாலே அது கெட்டுப்போனதாகக் கருத வேண்டும் என்று டெபியன் அறிவித்தது. மென்பொருளுக்கு அப்டேட் போட்டால் மென்பொருள் சரியாகும். அது பெற்றுப்போட்ட சாவிகள் தாமாகச் சாவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து நீக்க வேண்டும்; அதற்கு எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு வேண்டும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நடைமுறை விதி ஒன்று உண்டு. ஒரு கணினிக்கு ஒரு சாவி. லேப்டாப்பில் ஒன்று, வீட்டுக் கணினியில் வேறொன்று. ஒரே சாவியை நகலெடுத்துக்கொண்டு போனால், ஒரு கணினி தொலையும்போது எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். அந்த அலுப்பிலேயே மாற்றாமல் விட்டுவிடுவோம். குறிப்புப் பகுதியில் ஆள், கணினி, உருவாக்கிய மாதம் மூன்றையும் எழுதிவிடுங்கள். உருவாக்கும்போது பத்து நொடி. பின்னால் வருகிறவருக்கு ஒரு நாள் மிச்சம். சாவிக்கோப்பைப் பூட்டும் கடவுச்சொற்றொடர் கட்டாயம். அது இல்லாத சாவிக்கோப்பு லேப்டாப் பேக்கப்பில், பழைய ஹார்டு டிஸ்க்கில், தவறிப் பகிர்ந்த ஜிப் கோப்பில் எங்கே கிடந்தாலும் எடுத்தவருக்குச் சொந்தம். 2020இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2 பதிப்பிலிருந்து, சாவியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சிறு கருவிகளான ஃபிடோ வன்பொருள் சாவிகளும் நேரடியாக வேலை செய்கின்றன. தொட்டால்தான் கையொப்பம் இடும். உற்பத்திச் சூழலை (நிஜப் பயனர்களுக்காக ஓடும் சர்வர்களை) தொடும் நிர்வாகிகளுக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து.

ஏஜென்ட் என்னும் இரவல்

கடவுச்சொற்றொடரை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய முடியாது என்பதற்காக எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் வந்தது. ஒரு முறை திறந்த சாவியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கேட்டபோதெல்லாம் கையொப்பமிட்டுத் தரும். உங்கள் கணினிக்குள் அது நல்ல ஏற்பாடு. ஏஜென்ட் ஃபார்வர்டிங் என்றொரு வசதியும் உண்டு. நீங்கள் உள்ளே போன சர்வரிலிருந்து அடுத்த சர்வருக்குப் போக, உங்கள் ஏஜென்ட்டை அங்கேயும் நீட்டித் தருவது. தனிச்சாவி போவதில்லை என்பது உண்மை. கையொப்பமிடும் அதிகாரம் போகிறது. இடைச் சர்வரில் ரூட் (முழு நிர்வாக) அனுமதி உள்ள எவரும், நீங்கள் இணைப்பில் இருக்கும் வரை, ஏஜென்ட்டோடு பேசும் சாக்கெட்டைத் தொட்டு உங்கள் பெயரில் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

2019இல், அரட்டைச் சேவைகளுக்கான மேட்ரிக்ஸ் அமைப்பின் உற்பத்திச் சர்வர்களுக்குள் ஒருவர் நுழைந்தது இப்படித்தான். நிரல்களைத் தானாகக் கட்டும் கருவியான ஜென்கின்ஸ் ஓடிய, பழைய ஓட்டை அடைக்கப்படாத சர்வர் ஒன்று முதலில் அவர் வசமானது. ஒரு நிரலாளர் ஏஜென்ட் ஃபார்வர்டிங்கோடு அந்த சர்வரில் லாகின் செய்தபோது, அந்த ஏஜென்ட்டைப் பிடித்துக்கொண்டு மற்ற சர்வர்களுக்குப் போனார். உள்ளே நுழைய எந்தக் கணிதத்தையும் அவர் உடைக்க வேண்டியிருக்கவில்லை. நடந்ததை அந்த அமைப்பு மறைக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டது; அந்த நேர்மையால்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள முடிந்தது.

இதற்கு மாற்று 2016இலிருந்தே, 7.3 பதிப்பில் வந்த புராக்ஸிஜம்ப் வடிவில் இருக்கிறது. இடைச் சர்வர் வெறும் குழாயாக நிற்கும். கடைசிச் சர்வருடன் நடக்கும் சாவிப் பேச்சு நேரடியாக உங்கள் கணினியிலிருந்து அந்தக் குழாய்க்குள் போகும். இடையில் இருப்பவருக்கு மறையாக்கம் செய்த பைட்டுகள் மட்டுமே தெரியும். கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். ஏஜென்ட் ஃபார்வர்டிங்கை எல்லா சர்வருக்கும் பொதுவாக இயக்கி வைத்திருக்கும் கோப்பு உங்களிடம் இருந்தால், இந்தக் கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் அதை எடுத்துவிட்டு வாருங்கள்.

அதே சமயத்தில் இன்னொன்றையும் பாருங்கள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் இயல்பாகத் தேடும் சாவிக்கோப்புகள் இரண்டு: ‘ஆதரைஸ்டு கீஸ்’ ஒன்று, பெயரின் கடைசியில் 2 சேர்ந்த இன்னொன்று. இரண்டாவது பழைய காலத்து மிச்சம். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதாலேயே ஒளித்து வைக்க வசதியான இடம். முதல் கோப்பை மட்டும் சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது.

யோசிக்காமல் சொல்லும் ‘யெஸ்’

சர்வர் உங்களைச் சோதிப்பது போல நீங்களும் சர்வரைச் சோதிக்க வேண்டும். முதன்முறை இணையும்போது, சர்வருடைய சாவியின் சுருக்க அடையாளமான விரல்ரேகை ஒன்றைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். கிட்டத்தட்ட எல்லாரும் படிக்காமல் ‘யெஸ்’ என்று அடிக்கிறோம். அந்தக் கணத்தில் நடுவில் ஒருவர் நின்றிருந்தால் அவருடைய சாவியைத்தான் நம்பிக்கைக்குரியதாகப் பதிவு செய்திருப்போம். அடுத்த முறை சாவி மாறினால் மட்டுமே பெரிய எச்சரிக்கை வரும்.

அந்த எச்சரிக்கையை 2023 மார்ச் 24 அன்று பல நிரலாளர்கள் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ஆர்எஸ்ஏ வகை ஹோஸ்ட் தனிச்சாவி (சர்வர் தன்னை நிரூபிக்கும் சாவி) சிறிது நேரம் ஒரு பொதுக் களஞ்சியத்தில் வெளியே தெரிந்துவிட்டது. தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றாலும் அந்நிறுவனம் சாவியை உடனடியாக மாற்றியது. அது சரியான முடிவு. நம் பக்கம் நடந்ததுதான் யோசிக்க வைக்கிறது. ‘ரிமோட் ஹோஸ்ட்டின் அடையாளம் மாறிவிட்டது’ என்ற எச்சரிக்கை வந்ததும், நம்மில் பலரின் கை பழக்கத்தில் பழைய வரியை அழித்துவிட்டு ‘யெஸ்’ சொல்லப் போகும். அன்று செய்திருக்க வேண்டியது, கிட்ஹப் தன் தளத்தில் வெளியிட்டிருந்த புதிய விரல்ரேகையை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரு நிமிட வேலை. சாவி மாறியதாகப் பரவலாகப் பேசப்படும் நாள்தான், நடுவில் நிற்க நினைப்பவருக்குப் பொன்னான நாள்.

சொந்த சர்வர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. சர்வரை உருவாக்கும்போதே அதன் ஹோஸ்ட் சாவி விரல்ரேகையைக் கன்சோல் வழியாக எடுத்து, நம்பகமான சர்வர்களின் பட்டியலாக, குழு முழுவதற்கும் பொதுவான ‘நோன் ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் சேர்த்துவிடுங்கள். நிரலைத் தானாகச் சோதித்து ஏற்றும் சிஐ வேலைகளில் ஹோஸ்ட் சரிபார்ப்பையே அணைத்துவிட்டு ஓடும் ஸ்கிரிப்டுகளை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். டெப்ளாய் செய்யும் சாவி, யாரென்று தெரியாத சர்வருடன் பேசிக்கொண்டிருக்கும் நிலை அது.

கிட்டில் விழுந்த ரகசியம்

எஸ்எஸ்ஹெச் சாவியோடு கதை முடியவில்லை. ஏபிஐ டோக்கன், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, கிளவுட் அணுகல் சாவி எல்லாமே ஒரே குடும்பம். இவை அதிகம் சிந்தும் இடம் கிட் களஞ்சியம்.

நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவியான கிட், ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவிலும்) கோப்புகளின் முழு நிலையைச் சேமிக்கிறது. பாஸ்வேர்டு போன்ற அமைப்புகள் இருக்கும் ‘.என்வ்’ கோப்பைத் தெரியாமல் கமிட் செய்துவிட்டு, அடுத்த கமிட்டில் நீக்கினால், நீக்கிய நிலை ஒன்று கூடுதலாகச் சேர்கிறதே தவிர, பழையது அப்படியே இருக்கிறது. லாக்கில் இரண்டு அடி பின்னால் போனால் பாஸ்வேர்டு கண்முன். வரலாற்றையே திருத்தி எழுதி ஃபோர்ஸ் புஷ் செய்தாலும் (பழையதன் மேல் ஏற்றினாலும்), அதற்குள் யாராவது குளோன் எடுத்திருக்கலாம், ஃபோர்க் செய்திருக்கலாம்; நகல் அவர்களிடம் இருக்கும். பொதுக் களஞ்சியங்களை இடைவிடாமல் துழாவி அணுகல் சாவிகளைப் பொறுக்கும் தானியங்கி நிரல்கள் இருக்கின்றன. அவை நாம் சுதாரிக்கும் வரை காத்திருப்பதில்லை.

எனவே வரிசை முக்கியம். முதலில் அந்தச் சாவியைச் செல்லாததாக்கிப் புதியது எடுக்க வேண்டும். பழைய சாவியால் இதற்குள் யாராவது எதையாவது செய்திருக்கிறார்களா என்று லாக் பார்க்க வேண்டும். வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு, ஆற அமர. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். வரலாற்றைத் திருத்தும் கருவியான கிட் ஃபில்டர்-ரெப்போவோடு அரை நாள் மல்லுக்கட்டுகிறார்கள். அந்த அரை நாளும் சாவி உயிரோடு இருக்கிறது.

“எங்களுடையது பிரைவேட் ரெப்போ (களஞ்சியம்), பரவாயில்லை” என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். 2016இல் ஊபருக்கு நடந்ததை அவர்களுக்குச் சொல்வேன். நிறுவன நிரலாளர்கள் பயன்படுத்திய தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள், அங்கே இருந்த அமேசான் கிளவுட் சாவியை எடுத்து, சேமிப்பகத்திலிருந்து 5 கோடியே 70 லட்சம் பயணிகள், ஓட்டுநர்களின் தகவல்களை இறக்கினார்கள். உலகுக்கு அது தெரிந்தது 2017 நவம்பரில். களஞ்சியம் பிரைவேட்தான். அதைத் திறக்கும் லாகின் பிரைவேட்டாக இருக்கவில்லை.

தடுக்கும் கருவிகள் நன்றாகவே இருக்கின்றன. கிட்லீக்ஸ், டிரஃபிள்ஹாக் இரண்டும் களஞ்சியத்தின் முழு வரலாற்றையும் துழாவும். கிட்லீக்ஸை ப்ரீ-கமிட் ஹுக்காக (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனையாக) போட்டுவிட்டால் கமிட் ஆகும் முன்பே நிறுத்தும். ஆனால் ஹுக் அவரவர் கணினியில் ஓடுவது, தவிர்த்துவிட்டுப் போக வழி உண்டு. ஆகவே சிஐயிலும் ஒரு முறை ஓட வேண்டும். கிட்டுக்கு வெளியே ரகசியம் சிந்தும் சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கமாண்டு வரியில் தரும் பாஸ்வேர்டு, தட்டிய கமாண்டுகளின் பதிவான ஷெல் ஹிஸ்டரியில் தங்கும். ஓடும் நேரத்தில் அதே கணினியின் மற்ற பயனர்களுக்குப் பிராசஸ் பட்டியலிலும் தெரியலாம். மென்பொருளை அடுக்கடுக்காகக் கட்டித் தரும் டாக்கர் இமேஜில் ஒரு அடுக்கில் நகலெடுத்து அடுத்த அடுக்கில் அழித்த கோப்பு, முதல் அடுக்கில் பத்திரமாக இருக்கும். பில்டுக்கென்றே டாக்கர் தரும் சீக்ரெட் மவுண்ட் வசதி இதற்காக வந்ததுதான்.

எல்லாவற்றையும்விட நல்லது, சாவியே இல்லாமல் செய்வது. சிஐயிலிருந்து கிளவுடுக்குப் போக நிரந்தரச் சாவியை வைப்பதற்குப் பதில், ஓஐடிசி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை வழியாக அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் சிறிது நேரம் உயிரோடிருக்கும் டோக்கன் வாங்கலாம். திருடுபோனாலும் திருடியவர் கையில் காலாவதியான சீட்டுதான் மிஞ்சும்.

கதவின் அமைப்புகள்

சர்வர் பக்கத்து அமைப்புகள் எல்லாருக்கும் தெரிந்தவை: பாஸ்வேர்டு லாகின் வேண்டாம், ரூட்டாக நேரடி லாகின் வேண்டாம், யார் யார் வரலாம் என்று பெயர் சொல்லி அனுமதி. போர்ட்டை 22இலிருந்து மாற்றுவது லாக்கில் இரைச்சலைக் குறைக்கும். பாதுகாப்பைக் கூட்டும் என்று நான் நினைக்கவில்லை. தவறான முயற்சிகள் செய்யும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் கருவியும் ஏறக்குறைய அப்படித்தான். பாஸ்வேர்டே ஏற்காத சர்வரில் அதன் வேலை பெரும்பாலும் அமைதி காப்பது.

அமைத்துவிட்டோம் என்று நினைத்து அமைக்காமல் விடுவதுதான் இங்கே பெரிய பள்ளம். டெபியன், உபுண்டு சர்வர்களில், சர்வர் பக்க எஸ்எஸ்ஹெச் நிரலான எஸ்எஸ்ஹெச்டியின் முதன்மை கான்ஃபிக் கோப்பின் உச்சியிலேயே, துணை அடைவிலுள்ள கோப்புகளைச் சேர்க்கும் வரி இருக்கிறது. பெரும்பாலான அமைப்புகளுக்கு ஓப்பன்எஸ்எஸ்ஹெச் முதலில் கண்ட மதிப்பையே எடுத்துக்கொள்ளும்; கடைசியாகச் சொன்னது செல்லும் என்ற நம் வழக்கமான எதிர்பார்ப்பு இங்கே பலிக்காது. கிளவுட் சர்வர்களில், முதல் அமைப்பைச் செய்யும் கருவியான கிளவுட்-இனிட் அந்தத் துணை அடைவில் ‘பாஸ்வேர்டு லாகின்: யெஸ்’ என்று ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போவதுண்டு. நீங்கள் முதன்மைக் கோப்பில் ‘நோ’ என்று எழுதி, சேமித்து, சேவையை ரீலோடும் செய்திருப்பீர்கள். கதவு திறந்தே இருக்கும். இன்னொன்று, பாஸ்வேர்டு வழியை மட்டும் மூடிவிட்டு, கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் கீபோர்டு-இன்டராக்டிவ் வழியை மறந்துவிட்டால், லினக்ஸின் லாகின் சரிபார்ப்பு அமைப்பான பிஏஎம் மூலம் பாஸ்வேர்டு பின்வாசலால் வரும்.

எனவே கோப்பைப் படித்து நம்பாதீர்கள். எஸ்எஸ்ஹெச்டி கமாண்டை பெரிய எழுத்து டி விருப்பத்தோடு ஓட்டினால், எல்லாக் கோப்புகளையும் படித்த பிறகு உண்மையில் அமலில் இருக்கும் மதிப்புகளைக் காட்டும். சிறிய எழுத்து டி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும். மாற்றம் செய்யும்போது ஏற்கெனவே திறந்த இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே போய்ப் பாருங்கள். போக முடிந்த பிறகு பழையதை மூடலாம்.

கதவே பழுதாவதும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைத் துருவிக்கொண்டுபோய், எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைக்கப்பட்ட பின்கதவைக் கண்டுபிடித்து அறிவித்தார். எஸ்எஸ்ஹெச்சுக்கும் அந்தச் சுருக்க நூலகத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சில லினக்ஸ் விநியோகங்கள் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு பேசுவதற்காகச் சேர்த்த திருத்தம் அந்த நூலகத்தையும் கூடவே இழுத்து வந்தது. சில ஆண்டுகள் உழைத்து நம்பிக்கை பெற்றுப் பராமரிப்பாளரான ஒரு கணக்கின் கைவேலை அது. அதே ஆண்டு ஜூலையில், 2006இல் அடைக்கப்பட்ட ஓட்டை ஒன்று ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் 8.5 பதிப்பில் தவறுதலாக மறுபடி திறந்துகொண்டதை குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது. இரண்டுக்கும் உங்கள் சாவி எவ்வளவு வலுவானது என்பது பொருட்டே இல்லை. அதனால்தான் பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக ஏற வேண்டும் என்றும், போர்ட் 22 முழு இணையத்துக்கும் தெரியாமல் வயர்கார்டு போன்ற ஒரு விபிஎன்னுக்கு (தனி வலைப்பாதைக்கு) பின்னால் இருப்பது நல்லது என்றும் சொல்கிறேன்.

பெரிய குழுவாக இருந்தால் சாவிப் பட்டியலையே ஒழித்துவிடலாம். எஸ்எஸ்ஹெச் சான்றிதழ் வசதி 2010இலிருந்து, 5.4 பதிப்பு முதல் இருக்கிறது. ஏனோ இன்னும் பரவவில்லை. சர்வர்கள் ஒரே ஒரு சான்றளிக்கும் சாவியை நம்பும். ஒவ்வொருவரும் காலையில் எட்டு மணி நேரச் சான்றிதழ் வாங்கிக்கொள்வார்கள். வேலையை விட்டுப் போனவருக்கு மறுநாள் சான்றிதழ் கிடைக்காது, அவ்வளவே. நாலைந்து பேர் உள்ள குழுவுக்கு இது அதிகம். பொதுச்சாவிகளை ஒரு கிட் களஞ்சியத்தில் வைத்து, பல சர்வர்களை ஒரே நேரத்தில் அமைக்கும் கருவியான ஆன்சிபிள் மூலம் சர்வர்களின் கோப்பை முழுதாக மேலெழுதினால் போதும். முழுதாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். சேர்ப்பது மட்டுமே செய்கிற ஸ்கிரிப்ட், நீக்கியவரை ஒருபோதும் நீக்காது.

அந்த 19 வரிகளுக்கு வருகிறேன். யாரைக் கேட்டும் தெரியாத சாவிகளை அடையாளம் காண ஒரு வழி இருந்தது. எஸ்எஸ்ஹெச்டி ஒவ்வொரு வெற்றிகரமான லாகினுக்கும் எந்தச் சாவி என்று அதன் விரல்ரேகையை லாக்கில் எழுதும். சாவி உருவாக்கும் கீஜென் கமாண்டில் எல், எஃப் விருப்பங்களைத் தந்து அந்தச் சாவிக்கோப்பைக் காட்டினால், ஒவ்வொரு வரிக்கும் விரல்ரேகை பட்டியலாக வரும். இரண்டையும் பொருத்திப் பார்த்தேன். கையில் இருந்த லாக் மூன்று மாதத்துக்கானது. அதில் வந்துபோனவை ஐந்து சாவிகள்: எங்கள் நால்வருடையவை, இன்னொன்று குறிப்பே இல்லாத இரண்டில் ஒன்று. தினமும் அதிகாலை 2 மணி 10 நிமிடத்துக்கு, ஒரே ஐபி முகவரியிலிருந்து, நாற்பது நொடி.

ஐபியைத் தேடிப்போனதில் அது எங்களுடைய பேக்கப் சர்வர்தான். தினசரி டேட்டாபேஸ் நகலை எடுத்துப்போகும் ஸ்கிரிப்ட், முழு ஷெல் அனுமதியுள்ள, கடவுச்சொற்றொடர் இல்லாத சாவியோடு வருடக்கணக்காக வந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விடவில்லை. பேக்கப்புக்கென்று தனிப் பயனர், புதுச் சாவி. ‘ஆதரைஸ்டு கீஸ்’ வரியின் முன்னால் மூன்று கட்டுப்பாடுகள் சேர்த்தேன்: ‘ஃப்ரம்’ கொடுத்து அந்த ஒரு ஐபி மட்டும், ‘கமாண்டு’ கொடுத்து டேட்டாபேஸ் நகலெடுக்கும் அந்த ஒரு ஸ்கிரிப்ட் மட்டும், ‘ரெஸ்ட்ரிக்ட்’ கொடுத்து டெர்மினலும் ஃபார்வர்டிங்கும் எதுவும் இல்லை. அன்றிரவு 2 மணி 10 நிமிடத்துக்கு லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புது விரல்ரேகை வந்தது, நகல் எடுத்தது, போனது. மறுநாள் அந்த நகலை ஒரு தனிச் சர்வரில் ஏற்றி, டேட்டாபேஸ் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகு, பழைய கோப்பில் மிச்சமிருந்த 15 வரிகளையும் நீக்கினேன்.